சொல்ல வேண்டாம் என்ற கட்டம்

ஜனவரி 9

என் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்த ஆவல் உண்மையாகவே இருக்கிறது. அதனால் வழக்கத்துக்காக எழுதியதாக நினைத்துக்கொள்ளாதே.

போன் இருக்கும்போது எதற்கு இந்தக் காகிதக் கூத்து என்று கேட்பாய். போனில் நான் பேசினால் நீ "ம்" போடுகிறாய். பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிறது. நான் பாதி சொல்வதற்குள் "அப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எதிரே நிற்கிற ஆளை நகரவிடாமல் பேசியே பைப்பும் குழாயும் விற்றவன் நான். உன்னை மட்டும் விடுவேனா?

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ கேட்டாயே, "அறுபது தாண்டின, நோய் நொடி இல்லாத ஆளுங்க ரத்தம் கொஞ்சம் வேணும்ப்பா, இங்க எனக்குக் கிடைக்கிறவங்க எல்லாரும் நோயாளிங்க" என்று. நீ என்னிடம் ஒன்று கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! போனை வைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

பெயிண்ட் கடைக்காரர்தான் முதலில் மாட்டினார். "ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடுற பொண்ணுக்கு நல்ல ரத்தம் எதுக்குய்யா?" என்று கேட்டார். "உன் கடையில கலர் அட்டை வச்சிருக்கியே, எதுக்கு? கலக்கின பெயிண்ட் சரியா வந்திருக்கான்னு பக்கத்துல வச்சுப் பாக்கத்தானே? அந்த அட்டைதான்யா நீ" என்றேன். அவர் சந்தோஷமாகிவிட்டார். அவரை யாரும் அதுவரைக்கும் அசல் என்று சொன்னதில்லை போலிருக்கிறது. சாயங்காலத்துக்குள் பிளைவுட், கண்ணாடி, டைல்ஸ், கயிறு என்று பதின்மூன்று கடை முதலாளிகள் சேர்ந்துவிட்டார்கள். என்னோடு பதினாலு. எல்லோரும் ஓடியாடி வேலை செய்கிற ஆட்கள். முதல் தர சரக்கு என்று நானே முத்திரை குத்துகிறேன்.

எடுக்க எப்போது வருகிறாய்? வியாபாரிகள் சங்கக் கட்டிடத்தில் ஹால் சொல்லிவிட்டேன். மாடியில் உன் அறைக்கு வெள்ளை அடிக்கவும் ஆள் சொல்லியாயிற்று.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா


ஜனவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துத்தான் படித்தேன். கலர் அட்டை கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எங்கள் தலைவர், அடுத்த கருத்தரங்கில் உங்களையே பேசக் கூப்பிடலாம் என்றார். கூப்பிட்டால் வந்துவிடுவீர்கள் என்று தெரிந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

என்னால் வர முடியாது அப்பா. திட்டாமல் மேலே படியுங்கள். இது முதியவர்களுக்கு வருகிற, மெதுவாக வளர்கிற ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. எலிகளில் நன்றாக வேலை செய்தது. (சுண்டெலிக்கு எலிகளோடு உத்தியோகம் என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.) இப்போது மனித ரத்தத்தில் பார்க்கிறோம். மருந்து கெட்ட அணுக்களை மட்டும் கொல்ல வேண்டும். நல்ல அணுக்களைத் தொடவே கூடாது. அதனால்தான் அதே வயதுக்காரர்களின் நல்ல ரத்தம் வேண்டும். வளர்ப்புத் தட்டில் இருக்கிற செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஒரு வேளை உணவு தவறினால் மாதக்கணக்கான உழைப்பு செத்துப்போகும். இந்தக் கட்டம் முடியட்டும், கட்டாயம் வருகிறேன்.

எனக்குப் பதிலாக எங்கள் ஆய்வகப் பெண் ஐஸ்பெட்டியோடு வருவாள். ரத்தக் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது வேறொரு கட்டிடத்தில் இருக்கும் அதிகாரிக்கு மட்டும் தெரியும். நான் கேட்டாலும் சொல்ல மாட்டார், கேட்கவும் கூடாது. அவள் கொடுக்கிற படிவத்தில் கடைசியில் இரண்டு கட்டம் இருக்கும்: ரத்தத்தில் ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், சொல்ல வேண்டாம். எல்லோரும் நிதானமாகப் படித்துவிட்டு அவரவராக டிக் போடச் சொல்லுங்கள். இது முக்கியம்.

அறைக்கு வெள்ளையே அடியுங்கள். வேறு கலர் வேண்டாம்.

அன்பு மகள்,
சுண்டெலி


பிப்ரவரி 11

என் சுண்டெலிக்கு,

சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்ததா?

நீ வர முடியாது என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் ஒரு வியாபாரி இல்லை என்ற பதிலை முதல் தடவையே நம்பமாட்டான். வண்டி வந்து நின்றபோது வாசலுக்கு நானே போனேன். முன்பக்கக் கதவு திறந்து ஐஸ்பெட்டிக்காரப் பெண் இறங்கினாள். நான் பின்பக்கக் கதவையும் திறந்து பார்த்தேன். ஸீட்டில் இன்னொரு ஐஸ்பெட்டிதான் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பெல்ட் வேறு மாட்டியிருந்தார்கள்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. பதினாலு கிழவர்களைச் சமாளிப்பதென்றால் சும்மாவா? கண்ணாடிக் கடைக்காரர் ஊசியைப் பார்த்ததும் "கொஞ்சம் கம்மியா எடுத்துக்கம்மா" என்று பேரம் பேசினார். "எல்லாருக்கும் ஒரே அளவுதான் அய்யா" என்றாள். "மொத்தமா பதினாலு பேர் வந்திருக்கோம், தள்ளுபடி கிடையாதா?" என்று பெயிண்ட் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். கயிற்றுக் கடைக்காரர் ரத்தத்தைப் பார்க்கமாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டவர், எடுத்து முடித்து டீ குடிக்கும்போதும் திறக்கவில்லை.

அந்த இரண்டு கட்டம் விஷயம். பிளைவுட்காரர் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார். "எதுல டிக் போடணும் நீயே சொல்லு" என்றார். "ஓடுற மோட்டாரை யாராவது கழட்டிப் பாப்பாங்களா? வேண்டாம்னு போட்டுத் தள்ளு" என்றேன். அவ்வளவுதான். எங்கள் தெரு வழக்கம் உனக்குத் தெரியுமே, ஒருவர் ஷட்டரை இறக்கினால் ஏன் என்று கேட்காமல் கடைசிக் கடை வரைக்கும் இறங்கிவிடும். பதினாலு பேரும் "சொல்ல வேண்டாம்" போட்டோம். அந்தப் பெண் மட்டும் "அய்யா, படிச்சுப் பாத்து..." என்று இழுத்தாள். "எல்லாம் படிச்சாச்சும்மா" என்று எல்லார் படிவத்தையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மாடி அறை வெள்ளை காய்ந்துவிட்டது. வாசனை போக ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒரு வேலையும் இல்லாவிட்டாலும் தினம் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன். முட்டிக்கு நல்லதாம்.

அப்பா


மார்ச் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. கடைசி வரி வரைக்கும் படியுங்கள் என்று இந்த முறை நான் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ரத்தத்தில் மருந்தைப் போட்டுப் பார்த்தோம். பதின்மூன்றில் நாங்கள் ஆசைப்பட்டபடியே நடந்தது, மருந்து நல்ல அணுக்களைத் தொடவில்லை. ஒன்றில் மட்டும் மளமளவென்று கொன்றுவிட்டது. மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்தேன். இத்தனை வருஷ உழைப்பு போயிற்று என்று அந்த எண்ணைச் சபித்தேன் அப்பா. மறுபடி மறுபடி செய்தோம், அதே பதில். கடைசியில் மருந்தை விட்டுவிட்டு அந்த ரத்தத்தைப் பிரித்துப் பார்த்தேன். மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அந்த ரத்தம்தான் நல்ல ரத்தம் இல்லை.

ஆரோக்கியமான ரத்தத்தில் இந்த வெள்ளை அணுக்கள் பல தினுசாக இருக்கும். இதில் ஒரு பெரிய கூட்டம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. நான் மருந்து தேடும் அதே நோயின் ஆரம்பம். அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. களைப்புகூட இருக்காது. நிறையப் பேருக்கு இது கடைசி வரைக்கும் ஒன்றும் செய்யாமலே இருந்துவிடும். சிலருக்கு வளரும். அவ்வப்போது ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், வளர ஆரம்பிக்கும்போது பிடித்துவிடலாம். இன்றைக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. பார்க்காமல் விட்டால் அது தானாக வெளியே தெரியும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அது நல்ல நேரமாக இருக்காது.

ஆனால் அவர் "சொல்ல வேண்டாம்" என்று டிக் போட்டிருக்கிறார். பதினாலு பேரும் போட்டிருக்கிறீர்கள். அதிகாரி வாயைத் திறக்க மாட்டார். எல்லோருக்கும் பொதுவாக, "உங்கள் முடிவை மாற்ற விரும்புகிறீர்களா" என்று ஒரு கடிதம் அனுப்ப மட்டும் எங்கள் நெறிமுறைக் குழு அனுமதித்தது. ஒரு பதில்கூட வரவில்லை. உங்கள் தெரு முழுக்க அதை விளம்பரம் என்று கிழித்துப் போட்டிருப்பீர்கள்.

ஒருவருக்கு இப்படி இருக்கிறது என்று உங்களிடம் எழுதுவதே வரம்பு மீறல்தான். தெரிந்தே மீறுகிறேன். பதினாலு புதுப் படிவம் இத்தோடு வைத்திருக்கிறேன், எல்லோரையும் மாற்றிக் கையெழுத்துப் போட வையுங்கள் அப்பா. மாற்றினால், அந்த ஒருவருக்கு மட்டும் அதிகாரியிடமிருந்து அழைப்பு வரும். மற்றவர்களுக்கு ஒன்றும் வராது. யாரையும் பயமுறுத்தாதீர்கள்.

அந்த எண்ணை நான் தினமும் பார்க்கிறேன். பதினாலு முகமும் எனக்குத் தெரியும். எல்லோரும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எனக்கு மிட்டாய் கொடுத்தவர்கள். ஒரு முகத்தை மட்டும் நினைக்கவே கூடாது என்று நினைக்கிறேன், அதுதான் முதலில் வருகிறது.

சுண்டெலி


ஏப்ரல் 19

என் சுண்டெலிக்கு,

உன் வேலை முடிந்தது, கிட்டத்தட்ட.

எந்த வாயால் வேண்டாம் என்று விற்றேனோ அதே வாயால் வேண்டும் என்று விற்க வேண்டியதாகிவிட்டது. நீ சொன்னபடி யாரிடமும் காரணம் சொல்லவில்லை. "சரக்கு வாங்கினவன் குறை இருந்தா சொல்லட்டும்யா. சொல்லாதேன்னு வாயை அடைக்கிறது என்ன வியாபாரம்?" என்று ஆரம்பித்தேன். பெயிண்ட் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு வேண்டாம்னதும் நீதான், இன்னிக்கு வேணும்ங்கிறதும் நீதான். நடுவுல உனக்கு என்னய்யா கமிஷன்?" என்றார். "என் பொண்ணு கேக்கறா. அதான் கமிஷன்" என்றேன். சட்டென்று வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கும் தூரத்தில் ஒரு பையன் இருக்கிறான்.

கயிற்றுக் கடைக்காரர்தான் இழுத்தடித்தார். "எனக்கு ஏதாவதுன்னா என்கிட்ட சொல்லாதீங்க, என் சம்சாரத்துகிட்ட சொல்லுங்க. எப்படியும் அவதானே முடிவு பண்ணப்போறா" என்றார். அந்த அம்மாள் உள்ளேயிருந்து வந்து பேனாவை அவர் கையில் திணித்து, பக்கத்திலேயே நின்று போட வைத்தார்கள். பிளைவுட்காரர் வழக்கம்போல எதில் டிக் என்று என்னையே கேட்டார். "இந்தத் தடவை நீயே படிய்யா" என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்து முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்துவிட்டுத்தான் போட்டார்.

பதின்மூன்று பேர் படிவமும் தபாலில் சேர்த்தாயிற்று. என்னுடையது மட்டும் மேசை டிராயரில் இருக்கிறது.

கோபப்படாதே. பயந்துகொண்டு வைத்திருக்கிறேன் என்று நினைக்காதே. பயம் இருக்கிறதுதான், யாருக்கு இருக்காது? ஆனால் காரணம் அது இல்லை. மனசில் இருப்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நீ ஓடி வந்தாய். வந்ததும் கட்டில் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டைத்தான் எடுத்தாய். நர்ஸிடம் ஏதோ கேட்டாய், அவள் நடுங்கிவிட்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது அம்மா உன்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நீ அந்தக் கையை வாங்கி நாடி பார்த்தாய். அவள் நாடி பார்க்க நீட்டவில்லை, சுண்டெலி.

நான் இந்தப் படிவத்தை அனுப்பி, அந்த அழைப்பு எனக்கே வந்தால், நீ அடுத்த வண்டியில் ஏறுவாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யாரைப் பார்க்க ஏறுவாய்? உன் மேசையில் இருக்கிற எண்ணைப் பார்க்கத்தானே? நானும் இத்தனை காலமாக வா வா என்கிறேன். அப்பா கூப்பிட்டால் வராதவள் ஒரு நோய் கூப்பிட்டால் வந்துவிடுவாளா? அந்த நோயிடம் தோற்க எனக்கு மனசில்லை. அது என் ரத்தத்திலேயே இருந்தாலும் சரி.

நீ ஒரு தடவை சும்மா வா. வந்து மாடி அறையில் படுத்துத் தூங்கு. கடையில் வந்து உட்கார்ந்து ஆட்களை விரட்டு. அப்புறம் படிவத்தைப் பற்றிப் பேசலாம்.

அப்பா


மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

அதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: மாற்றிக் கொடுத்தவர்களில் யாருக்காவது அழைப்பு போயிற்றா? யார் என்று சொல்ல வேண்டாம், போயிற்றா இல்லையா என்று மட்டும். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு இல்லை என்று தலையாட்டினார்.

உங்களுக்கும் எந்தக் கடையிலிருந்தும் சேதி வந்திருக்காது. இனிமேல் நாம் இரண்டு பேரும் தெரியாத மாதிரி நடிப்பதில் அர்த்தமில்லை.

அழுதுவிட்டு எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். நான் சபித்தேனே, அந்த எண். அது நீங்கள். இத்தனை வாரமாக உங்கள் ரத்தத்துக்குத்தான் நான் வேளை தவறாமல் உணவு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு போன் செய்ய நேரமில்லை என்று சொல்லிவிட்டு.

அம்மாவின் கை. அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஒன்று மட்டும் சொல்லட்டுமா? சார்ட்டை வாசிக்க எனக்குத் தெரிந்தது. அம்மாவின் முகத்தை வாசிக்கப் பயமாக இருந்தது. நாடி பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் போதும். நான் அந்தக் கையை அதற்குப் பிறகும் விடவில்லை. எண்ணுகிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வியாழக்கிழமை காலை வருகிறேன். செல்களை ஐஸ்பெட்டிக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டேன். "என்னைவிட நல்லா பாத்துப்பே" என்றேன். "அதுல என்ன மேடம் சந்தேகம்" என்றாள்.

படிவத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். ஊசி, கருவி, காகிதம் எதுவும் எடுத்து வரவில்லை. நீங்கள் அதைக் கடைசி வரைக்கும் டிராயரிலேயே வைத்திருந்தாலும், நான் வந்து இருந்துவிட்டுத்தான் போவேன். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

உங்கள் மகள்


மே 14, வியாழன்

என் சுண்டெலிக்கு,

இந்தக் கடிதம் உன் ஆய்வக விலாசத்துக்குப் போகிறது. நீ இங்கே இருக்கும்போது அது அங்கே போய்ச் சேர்ந்து, உன் மேசையில் கிடக்கும். திரும்பிப் போனதும் படி. போய் இறங்கியவுடன் அங்கே உனக்கு அப்பா கையெழுத்தில் ஏதாவது காத்திருக்கட்டும் என்று தோன்றியது. வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வரும் எனக்கும் அது ஒரு தெம்பு.

காலையிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைக்கு இன்று லீவு. நான் ஷட்டரைத் திறக்கவில்லை என்றதும் தெருவே போன் செய்துவிட்டது. "என்னய்யா, ஸ்டிரைக்கா? நாங்களும் இறக்கணுமா?" என்று பெயிண்ட் கடைக்காரர் கேட்டார். "இல்லய்யா, பொண்ணு வர்றா" என்றேன். "அதைச் சொல்லு முதல்ல" என்று வைத்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பதின்மூன்று பேரும் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள் பார்.

நேற்று அந்தப் படிவத்தை எடுத்தேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான். நீ எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருகிறாய். அதனால் சும்மா அப்பாவைப் பார்க்க மட்டும் வருகிறாய் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியாது. இரண்டும் கலந்துதான் வருகிறாய். யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் கடை நடத்தியதில் கலப்பே இல்லாத சரக்கை நான் எங்கே பார்த்தேன்? ஒரு மகளிடம் மட்டும் எதற்கு இந்தக் கறார் என்று தோன்றிவிட்டது. "சொல்லுங்கள்" என்ற கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்திட்டு, தபாலில் சேர்த்துவிட்டேன். நீ வந்து இறங்குவதற்கு முன்னாலேயே போட்டேன் என்று ஞாபகம் வைத்துக்கொள். இங்கே இருக்கும்வரை உன்னிடம் சொல்லப்போவதில்லை. நீ வாயைத் திறக்காமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறாய் என்று பார்க்க எனக்கு ஆசை.

ஒன்று மட்டும் கவனிக்கப்போகிறேன். நீ இறங்கியதும் நான் கையை நீட்டுவேன். உன் விரல் என் மணிக்கட்டுக்குப் போகிறதா, உள்ளங்கைக்குப் போகிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு இந்தக் கடிதத்தை முடிக்கிறேன்.

வண்டிச் சத்தம் கேட்கிறது.

...

நீ மாடியில் தூங்குகிறாய். பிரயாணக் களைப்பு. ஜன்னல் திறந்தே இருக்கிறது. கீழே பதின்மூன்று பேரையும் சத்தம் போடாமல் டீ குடிக்க வைத்திருக்கிறேன். கயிற்றுக் கடைக்காரர் கிசுகிசுவென்று பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறார்.

முதலில் உள்ளங்கைதான் பிடித்தாய். விடவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, நான் உன் பெட்டியைப் பார்ப்பது போலத் திரும்பியபோது, உன் கட்டைவிரல் மெல்ல மணிக்கட்டுக்கு நகர்ந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நன்றாக எண்ணிக்கொள்ளட்டும் என்று நின்றேன்.

அப்பா